திருக்கோகர்ணம்: தொலைந்ததைத் தேடும் ஊர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடந்ததும், நகரின் நுழைவாயில்போல் நம்மை எதிர்கொள்ளும் ஊர் திருக்கோகர்ணம். புதுக்கோட்டை நகரோடு இது ஒன்றாகக் கலந்துவிட்டமையால், எல்லை எங்கே என்று வெளியூரார் கண்டறிதல் அரிது. ஆயினும், பாறைக் குன்றும், அதனைக் குடைந்து ஆக்கிய பழங்கோயிலும், மன்னர் காலத்து அருங்காட்சியகமும் இவ்வூருக்குத் தனியொரு முகத்தைத் தந்திருக்கின்றன.

கோகர்ணம் என்னும் வடசொல் பசுவின் காதைக் குறிப்பது. காமதேனு தன் காதுகளில் நீர் சுமந்து வந்து இங்கு இறைவனை நீராட்டியதாகத் தலபுராணம் கூறும். குன்றினைக் குடைந்த கருவறை ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படுகிறது. கோகர்ணேசுவரர், பிரகதாம்பாள் என்பன இங்குள்ள இறைவன், இறைவியின் பெயர்கள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் பிரகதாம்பாளைத் தம் குலதெய்வமாகக் கொண்டு, தம்மைப் 'பிரகதாம்பாதாஸ்' என்றே அழைத்துக்கொண்டனர்.

அம்மன்னர்கள் வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக் காசு 'அம்மன் காசு' எனப்பட்டது. அதன் ஒரு புறம் அம்மன் உருவமும், மறுபுறம் 'விஜய' என்னும் சொல் தெலுங்கு எழுத்திலும் இருக்கும். நவராத்திரி நாட்களில் அரிசியோடு இக்காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது. அதனால் 'அரைக்காசு அம்மன்' என்ற பெயர் நிலைத்தது. வீட்டில் ஏதேனும் ஒரு பொருள் தொலைந்துபோனால், அது கிடைக்க வேண்டுமென்று நம் இந்து சகோதரர் இந்த அம்மனை வேண்டிக்கொள்வர். நம் இல்லங்களிலே சாவிக்கொத்து காணாமற்போனதும் பதுவைப் பதியராம் புனித அந்தோனியாரை அழைக்கின்றோம் அல்லவா? அவ்வாறே இதுவும்.

இவ்வூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச்சு 3 அன்று. தனி மாவட்டமாக உருப்பெற்றது 1974 சனவரி 14 அன்று. ஆக, சமஸ்தானமும் போய், மாவட்டமும் பிறந்து, இத்தனை மாறுதல்களுக்கிடையேயும் பழைய காசுகளையும் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் இந்நிலையம் காத்து நிற்கிறது. விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம்.

ஆனால், நாம் திருக்கோகர்ணம் சென்றது கோயிலையும் காசையும் காண்பதற்காக மட்டுமன்று. பொருளையன்றித் தம் நடையையே தொலைத்துவிட்ட ஒருவரையும், அதனைத் தேடித்தர வாரந்தோறும் அவர் வீட்டுப் படியேறும் ஒரு பெண்மணியையும் காண்பதற்காகவே சென்றோம்.

சன்னல் கம்பியும் நற்செய்தி வாசகமும்

அவர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஏழு திங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் குழறியது. பக்கவாதம். மருத்துவமனையில் உயிர் காக்கப்பெற்று வீடு திரும்பினார். அதன்பின் நிகழ்ந்ததை அவருடைய துணைவியாரே நம்மிடம் கூறினார்.

"அசைத்தால் நரம்பு அறுந்துபோகும் என்று பயந்துவிட்டோம் ஐயா. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒரு நாள்கூடச் செய்யவில்லை. நல்லாயிருந்த இடக்கையால்கூட ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட விட்டதில்லை. புறாக்கறி நல்லது என்றார்கள், வாங்கிச் சமைத்தோம். எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். படுக்கையைவிட்டு இறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாசம் என்று நினைத்துவிட்டோம்."

இவ்வாறே இரண்டு திங்கள் கழிந்தன. தோள் இறுகியது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கின. கணுக்கால் கீழ்நோக்கி வளைந்து விறைத்தது. முதுகில் படுக்கைப்புண் தோன்றும் நிலையும் வந்தது. நோய் பறித்துச் சென்றது பாதி. அன்பின் பெயரால் அளித்த ஓய்வு பறித்துச் சென்றது மறுபாதி எனின் மிகையாகாது.

இயன்முறை மருத்துவர், அதாவது மக்கள் 'பிசியோதெரபி' என்றழைக்கும் மருத்துவத்தைக் கற்ற அந்த இளம்பெண், முதன்முதலாக வந்த நாளில் இயந்திரம் எதனையும் திறக்கவில்லையாம். நோயாளியின் அருகே அமர்ந்து, "வாத்தியாரய்யா, உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். அவர் குழறிய மொழியில், "கோயிலுக்குப் போக வேண்டும் அம்மா" என்றார். அப்பெண் வேற்றுச் சமயத்தவர். "உங்கள் கோயிலில் ஒரேயடியாக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்?" என்று மேலும் கேட்டார். "நற்செய்தி வாசிக்கும்போது எல்லாரும் நிற்பார்கள். நானும் நிற்க வேண்டும்."

அன்று முதல் அதுவே பயிற்சியின் அளவுகோலாயிற்று. தொடக்கத்தில் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பயிற்சி. பின்னர் சன்னல் கம்பியை இடக்கையால் பற்றி எழுந்து நிற்றல். பின்புறம் விழாதபடி ஒரு நாற்காலி. வலுவிழந்த பக்கத்தில் மருமகள். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் முழங்கால் நடுங்கி அமர்ந்துவிட்டார்.

நாம் சென்றிருந்த மாலையில் அப்பயிற்சியை நேரில் கண்டோம். "மெதுவா எழுந்திருங்க மாமா" என்று மருமகள் துணைநிற்க, அவர் எழுந்தார். பேரப்பிள்ளை வரும் ஞாயிறுக்குரிய நற்செய்திப் பகுதியை உரக்க வாசித்தான். நெற்றியில் வியர்வை அரும்பியது, கால் நடுங்கியது, ஆயினும் நின்றார். வாசகம் முடியுமுன்னே நாற்காலியில் அமர்ந்துவிட்டார். "இன்னும் மூன்று வசனந்தான் தாத்தா மிச்சம்" என்றான் சிறுவன். "நாளைக்கு இரண்டாக ஆக்கிவிடலாம்" என்றார் அந்த மருத்துவர்.

வெளியே வந்தபோது அவரிடம் கைவிரல்களைப் பற்றிக் கேட்டோம். "கால் வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. விரல் முழுவதும் திரும்புமா என்று உறுதி கூற மாட்டேன். பொய் நம்பிக்கை கொடுத்தால் நாளைக்குப் பயிற்சியையே விட்டுவிடுவார்கள்" என்றார். இத்தகைய நேர்மையும் மருத்துவத்தின் ஒரு கூறே.

இழந்த அசைவு எவ்வாறு திரும்புகிறது?

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி செல்லாமல் அங்குள்ள உயிரணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் அண்டையிலுள்ள பகுதிகள் அவ்வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வல்லவை. ஒரு குழந்தை எழுத்துப் பழகுவது எவ்வாறு? திரும்பத் திரும்ப எழுதியே. மூளையும் அவ்வாறே கற்கிறது. ஒரே அசைவை நாள்தோறும் பலமுறை, பொருளுள்ள ஒரு செயலுக்காகச் செய்யும்போதுதான் புதிய பாதை பதிகிறது. பிறர் நம் கையைத் தேய்த்துவிடுவதனால் மட்டும் அப்பாதை பதிவதில்லை. முதல் மூன்று முதல் ஆறு திங்கள்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதற்குப் பின்னும் மெல்ல நிகழும். ஆதலின், மருத்துவர் இசைவு தந்த உடனே தொடங்குதல் சாலச் சிறந்தது.

முகம் கோணுதல், ஒரு கை தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனக் கண்டாலும், ஒரு நிமிடமும் தாமதியாது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி பயன்படத்தக்க நேரம் பொதுவாக நாலரை மணி மட்டுமே. நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் என்பது, மீட்கக்கூடிய நடையை நாமே தொலைப்பதாகும்.

வீடு தேடி வந்த மருத்துவம்

இம்மருத்துவம் தனித்துறையாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேதான். 1894-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் கூடித் தம் தொழிலுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களும், பின்னர் இளம்பிள்ளை வாதம் தாக்கிய குழந்தைகளும் இதன் தேவையை உலகுக்கு உணர்த்தினர். நம் நாட்டில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் காணப்பட்டார். 2014 மார்ச்சில் அந்நோய் ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. இன்று அவ்விடத்தைப் பக்கவாதமும், முதுமையின் மூட்டுத் தேய்வும், சாலை விபத்தும் பிடித்துக்கொண்டன.

நீண்ட காலம் இம்மருத்துவம் பெருநகர மருத்துவமனைகளில் மட்டுமே கிடைத்தது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை வாடகை வண்டியில் ஏற்றி வாரம் மும்முறை அழைத்துச் செல்ல எத்தனை குடும்பங்களால் இயலும்? 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம், குருதி அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளோடு, இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. நம் ஆசிரியரின் வீட்டுக்கும் மருத்துவர் வந்தது இவ்வழியே. வாரத்தில் ஒரு நாள், ஏறத்தாழ அரை மணி நேரமே அவரால் இருக்க இயலும். மற்ற ஆறு நாட்களுக்கும் அவர் தம் வேலையை மனைவியிடமும் மருமகளிடமும் பேரனிடமும் ஒப்படைத்துச் செல்கிறார். பயன் விளைவதும் விளையாததும் அந்த ஆறு நாட்களைப் பொறுத்தே.

வேலூரும் ஆய்க்குடியும்

தமிழகத்தில் இத்துறைக்கு வழிகாட்டிய இடங்களுள் முதன்மையானது வேலூர். 1940-களின் பிற்பகுதியில் அங்கு மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் பணியைத் தொடங்கினார். செயலிழந்த தசைக்கு மாற்றாக நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைப்பது அம்முறை. தைத்தவுடன் விரல் தானாக நிமிர்ந்துவிடுமா? மணிக்கட்டை அசைத்துக்கொண்டிருந்த தசைக்கு, இனி விரலை அசைப்பதே உன் வேலை என்று கற்பிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கான பயிற்சி தேவை. கத்தியின் வேலை சில மணி நேரம். பயிற்சியின் வேலை பல நாட்கள்.

அதே வேலூரில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே முற்றிலும் செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-இல் மறைந்தார். அவருடைய கால்கள் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் வாழ்வு திரும்பியது. அவரால் பலருடைய வாழ்வும் திரும்பியது.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருட்டிணன் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அவர் தம் ஊரில் தொடங்கிய அமர் சேவா சங்கம், உடற்குறையுள்ள சிறுவர்களுக்குப் பள்ளியும் பயிற்சியும் தருவதாய் வளர்ந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

ஜல்லிக்கட்டு நிறைந்த புதுக்கோட்டை மாவட்டத்தார் இவ்விருவரையும் அறிந்திருத்தல் நன்று. மாடு முட்டியோ மரத்திலிருந்து விழுந்தோ கழுத்தும் முதுகும் அடிபட்டவரைக் கையும் காலும் பிடித்து அள்ளித் தூக்குதல் தகாது. பலகையில் கிடத்தி, தலையும் கழுத்தும் அசையாது காத்துக் கொண்டுசெல்லல் வேண்டும். அவசரத்தில் தூக்கிய தூக்கே ஒருவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் தள்ளிவிடலாம்.

மிதிவண்டி கற்ற மகளிரின் முழங்கால்

இம்மாவட்டம் ஒரு காலத்தில் நாடே வியக்கும்படி அசைந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொண்டனர் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள். அன்று இளம்பெண்களாயிருந்தோர் பலர் இன்று அறுபதை எட்டியிருப்பர். ஆதனக்கோட்டையில் முந்திரிக்கொட்டை உடைக்கவும், கல்லுடைக்கவும், நாற்று நடவும் குந்தியும் குனிந்தும் உழைத்த மூட்டுகள் அவை. இன்று திருப்பலியில் முழந்தாளிட இயலவில்லை, படியேற இயலவில்லை என்பர்.

'வலிக்கிறது, ஆகையால் அசைக்கக் கூடாது' என்று எண்ணுவது இயல்பே. ஆனால் மூட்டுத் தேய்வில் அதுவே வலியை வளர்க்கும். அசையாத தொடைத்தசை மெலியும். மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. தாங்காத மூட்டு மேலும் வலிக்கும். இவ்வட்டத்தை உடைப்பது பயிற்சியே. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கலாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரலாம். மிதிவண்டி மிதிப்பதும் முழங்காலுக்கு ஏற்ற பயிற்சி என்பது புதுக்கோட்டை மகளிர்க்கு இனிய செய்தியாகும்! உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். ஊன்றுகோலை வலியுள்ள காலின் பக்கமன்று, எதிர்ப்பக்கக் கையிலே பிடித்தல் வேண்டும்.

வலியைப் பற்றியும் ஒரு சொல். அடிபட்ட புதிதில் வலி நம்மைக் காக்கும் எச்சரிக்கை மணி. திங்கள் பல கடந்த வலியோ, தீ அணைந்த பின்னும் ஓயாது ஒலிக்கும் மணியைப் போன்றது. சிறிது சிறிதாக அசைவைக் கூட்டும்போது, 'ஆபத்து இல்லை' என்று உடல் கற்றுக்கொள்கிறது. பயிற்சியின்போது தோன்றும் சிறுவலி மறுநாட் காலைக்குள் தணிந்துவிட்டால் அஞ்ச வேண்டா. மறுநாளும் மிகுந்திருப்பின் அளவைக் குறைக்க. ஆனால் முதுகுவலியோடு கால் வலுவிழத்தல், சிறுநீர் அடங்காமை, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியன காணின் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை நாடுக. சூட்டுக் கருவியும் மின்கருவியும் சிறிது நேரம் வலியைத் தணிக்கலாம். நிலைத்த பயனைத் தருவது பயிற்சியே.

நம் இல்லங்களுக்கு

பங்குக் குடும்பங்களில் படுக்கையில் கிடப்போர் இல்லாத தெரு அரிது. நாம் அவர்களைச் சந்திக்கச் செல்கிறோம், பழம் வாங்கிச் செல்கிறோம், செபிக்கிறோம். இனி ஒன்று கூடுதலாகச் செய்வோம். அவர் இன்று எத்தனை முறை எழுந்து அமர்ந்தார் என்று கேட்போம். படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்கு நினைவூட்டுவோம். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதிருக்கச் சொல்வோம். அவ்வாறு இழுப்பதால் தோள்மூட்டு கழன்றுபோகக் கூடும். பராமரிக்கும் மனைவியோ மருமகளோ ஒரு மணி நேரம் இளைப்பாறும்படி, அப்பொழுது நாம் அருகிருப்போம். அருகிலுள்ள அரசு ஆரம்ப நலவாழ்வு நிலையத்தில், இயன்முறை மருத்துவர் என்று வருவார், வீட்டுக்கு வர வழியுண்டா எனக் கேட்டறிந்து சொல்வோம்.

செப்டம்பர் 8 நமக்கு மரியன்னையின் பிறந்த நாள். வேளாங்கண்ணிக்குக் கால்நடையாய்ச் செல்வோரின் பெருநாள். மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் எழுந்து ஓடியதாக அத்திருத்தலத்தின் மரபு கூறும். உலக இயன்முறை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுவதும் அதே செப்டம்பர் 8 தான் என்பதை நம்மில் பலர் அறியோம். ஒரே நொடியில் எழுப்பப்படும் பேறு சிலருக்கே வாய்க்கும். மற்றையோருக்கு நடை ஒரே நாளில் பொற்காசாய்த் திரும்புவதில்லை. அரைக்காசு அரைக்காசாகத்தான் திரும்புகிறது. இன்று பத்து எண்ணும் நேரம், நாளை பன்னிரண்டு. அந்தச் சிறு காசுகளை நாள்தோறும் பொறுமையாய்ச் சேர்க்கத் துணைநிற்பதே, நோயுற்றாரிடம் நாம் காட்டத்தக்க மெய்யன்பு. சோறூட்டித் தாங்கும் அன்பு நம்மிடம் நிறைய உண்டு. கைகொடுத்து எழுப்பும் அன்பையும் அதனோடு சேர்த்துக்கொள்வோமாக.